செம்புக் கொப்பரையில் இரும்பு போல்ட்

என் கணவர் கொதிக்கும் சாயம் மேலே கொட்டி இறந்தார். அந்தச் சாயம் கொதித்த கொப்பரையின் காதுகளை இரும்பு போல்ட் போட்டு முடுக்கியவர் என்னோடு கூடப்பிறந்த அண்ணன். அதன்பிறகு நானும் என் மகளும் அந்த அண்ணன் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். போக வேறு இடம் எங்களுக்கு இல்லை.

அண்ணனுக்கு மதுரையில் கிருதுமால் கால்வாய் ஓரமாகச் சின்னதாக ஒரு சாயப்பட்டறை இருந்தது. அப்பா விட்டுப்போனது. ஓடு வேய்ந்த நீளமான கொட்டகை, அதற்குள் வரிசையாக அடுப்புகள், அடுப்புக்கு ஒன்றாகச் செம்புக் கொப்பரைகள். சுங்குடிச் சேலைகளுக்குச் சாயம் ஏற்றுவதுதான் தொழில். தெருவில் பெண்கள் நாங்கள் வெள்ளைத் துணியில் நூலால் பொடிப்பொடியாக முடிச்சுப் போட்டுக் கொடுப்போம். துணியைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து முடிச்சை உருவினால், முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். நான் பதினான்கு வயதில் முடிச்சுப் போட உட்கார்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே வேலைதான். என் கணவர் அண்ணனின் பட்டறையிலேயே சாயம் காய்ச்சினார். அவர் கைகள் முழங்கை வரைக்கும் எப்போதும் சிவந்தே கிடக்கும். தேய்த்துக் குளித்தாலும் போகாது. கல்யாணப் பந்தலில் அவர் கையைப் பிடித்தபோது மருதாணி வைத்திருக்கிறாரோ என்று நினைத்தேன்.

அவர் அதிகம் பேசமாட்டார். அண்ணன் அவருக்கும் சேர்த்துப் பேசுவார். "மாப்ள, மாப்ள" என்று அவரைக் கேட்காமல் அண்ணன் எதையும் செய்யமாட்டார். இருவரும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி குடிப்பார்கள். எங்கள் வீட்டில் எனக்கும் மதினிக்கும் சண்டை வந்தாலும் அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கியதும் பட்டறைக்கு முதலில் வந்த கஷ்டம் சாயத்தூள். சிவப்புத் தூள் அங்கேயிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றதும், கடைக்காரர்கள் பழைய இருப்பைக் கலந்து கலந்து விற்றார்கள். அடுத்தது செம்பு. செம்பும் பித்தளையும் சண்டைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பாத்திரக்காரர்கள் பலபேர் தொழிலை மூடிவிட்டார்கள். பழைய குடத்துக்கு ஒட்டுப் போடக்கூட ஆள் அகப்படவில்லை.

அந்த நாளில்தான் பெரிய கொப்பரையின் காதுகள் ஆட ஆரம்பித்தன. கொப்பரைக்கு எதிரெதிராக இரண்டு காதுகள், இரண்டுமே கெட்டியான செம்பில் வார்த்தவை. அவற்றைக் கொப்பரைச் சுவரோடு சேர்த்துச் செம்பு ஆணிகளால் அறைந்து தட்டையாக்கி இருப்பார்கள். வருஷக்கணக்காகத் தூக்கித் தூக்கி அந்த ஆணிகள் தேய்ந்து காதுகள் லொடலொடத்தன. புதுச் செம்பு ஆணிக்கு அண்ணன் ஊரெல்லாம் அலைந்தார். கடைசியில் கீழவாசல் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து காதுக்கு ஒன்றாகக் கட்டைவிரல் தடிமனில் இரும்பு போல்ட்டுகள் வாங்கிவந்தார். ஓட்டையைப் பெரிதாக்கி, போல்ட்டைச் செருகி, வெளியே நட்டை வைத்து, அவரும் என் கணவரும் சேர்ந்து முடுக்கினார்கள். அன்று நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அண்ணன் காதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவே இல்லை.

"செம்பு மெத்துன்னு இருக்கும் மாப்ள. இரும்புன்னா இரும்புதேன். இதைப் பத்தி இனிக் கவலையே படவேண்டாம்" என்றார்.

என் கணவரும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எனக்கும் அது நல்ல வேலையாகத்தான் தெரிந்தது. செம்பைவிட இரும்பு பலம் என்பது யாருக்குத்தான் தெரியாது?

அதற்கப்புறம் சில மாதங்களில் சிவப்பு மங்கத் தொடங்கியது. வைகை மணலில் சேலைகளைக் காயப்போட்டால், முன்பெல்லாம் தூரத்திலிருந்து பார்க்கையில் கண்ணைப் பறிக்கும். இப்போது அந்தச் சிவப்பில் ஒரு கறுப்பு ஏறியிருந்தது, பழைய ரத்தம் மாதிரி. ஓரங்களில் ஊதா அடித்தது. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். என் கணவர் தூளை மாற்றிப் பார்த்தார். படிகாரத்தைக் கூட்டிக் குறைத்தார். உப்பைக் கூட்டினார். ஒன்றும் தேறவில்லை. கலப்படத் தூள் என்று அண்ணன் கடைக்காரர்களைத் திட்டினார். எங்கள் தெருவில் எல்லாருமே அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். கொப்பரைக்குள் கரைந்துகொண்டிருந்தது இரும்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. வெளியே நட்டு புகைக்கரி படிந்து கறுப்பாக, முழுசாக இருந்தது. உள்ளே போல்ட்டின் தலைமேல் சாயம் ஏறி அப்பியிருந்தது. நடுவில், செம்புச் சுவருக்குள்ளே இருந்த பகுதியை யார் பார்த்தார்கள்?

அது நடந்தது ஒரு பங்குனி மாதக் காலை. சாயம் காய்ச்சி முடித்தால் கொப்பரையை அடுப்பிலிருந்து தூக்கிப் பக்கத்துத் தொட்டியில் ஊற்றவேண்டும். இரண்டு காதுகளிலும் ஒரே தடியை நுழைத்து, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தோளில் வைத்துத் தூக்குவார்கள். முன்னால் நின்றவர் சமயநல்லூர்க்காரர். அங்கே சொந்த நிலமில்லாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம். வயல்வேலை இல்லாத வருஷம் ஒன்றில் பட்டறைக்கு வந்தவர், அப்படியே நிலைத்துவிட்டார். பின்னால் என் கணவர். தூக்கி நாலு எட்டு வைத்திருப்பார்கள். பின்பக்கக் காது பிய்ந்தது. கொப்பரை அந்தப் பக்கமாகச் சாய்ந்து, கொதித்துக்கொண்டிருந்த அவ்வளவும் என் கணவரின் வயிற்றிலிருந்து பாதம் வரை கொட்டியது. சமயநல்லூர்க்காரருக்கு இரண்டு குதிகாலும் வெந்தன.

எனக்குச் சொல்லி நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவரைக் கட்டை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வாழையிலை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, இது ரத்தமா சாயமா என்பதுதான். அண்ணன் சாயம் என்றார். எங்கே தோல் இருக்கிறது, எங்கே வெந்து உரிந்திருக்கிறது என்று பார்த்தால் தெரியவில்லை. எல்லாமே சிவப்பு. நர்ஸ் ஈரப்பஞ்சால் மெல்ல ஒற்றி ஒற்றிப் பார்த்தார். பஞ்சோடு சாயம் வந்தது, பிறகு தோலும் வந்தது. அதற்குமேல் அவர் ஒற்றவில்லை.

என் கணவர் ஒரு வாரத்துக்குமேல் உயிரோடு இருந்தார். முதல் இரண்டு நாள் நினைவு தெளிவாக இருந்தது. வலியில் கத்தவில்லை. பல்லைக் கடித்து, கடித்து, உதடு கிழிந்துபோயிருந்தது. தண்ணீர் கேட்டார், மகளைக் கேட்டார். மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளைக் கொண்டுவர வேண்டாம் என்று அவரே பிறகு சொல்லிவிட்டார்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து அண்ணனிடம் விசாரித்தார். தரை ஈரம், கால் வழுக்கிவிட்டது, மாப்பிள்ளை தடியை விட்டுவிட்டார் என்று அண்ணன் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அண்ணன் வேண்டுமென்றே சொன்ன பொய்யாக அது எனக்குப் படவில்லை. சாயப்பட்டறைகளில் அப்படித்தான் நடக்கும், அதைத்தான் அவர் நினைத்தார். கொட்டகையில் கவிழ்ந்த கொப்பரையை யாரோ ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். அவர் போய்த் திருப்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு படுக்கையில் கிடந்தவர் காதில் விழுந்துவிட்டது.

போலீஸ்காரர் போனபிறகு என் கணவர் என்னை அருகில் வரச்சொன்னார்.

"நான் விடல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. குனிந்தேன்.

"தடிய நான் விடல பிள்ளே. தோள்ல இருந்துச்சு. கடேசி வரைக்கும் இருந்துச்சு. உங்க அண்ணங்கிட்ட சொல்லு."

வெந்துபோன மனுஷனுக்கு அதுதான் கவலையாக இருந்தது. தொழில் தெரியாதவன் என்று பேர் வந்துவிடும் என்று. மறுநாளிலிருந்து காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தார். பிதற்றலிலும் அந்தச் சொல் வந்தது. வேறு ஏதேதோ பேசுவார், நடுவே, "விடல" என்பார். பிறகு அதுவும் நின்றது. ஒரு மத்தியானம், நான் வெளியே வராந்தாவில் சோற்றைப் பிசைந்து மதினி வற்புறுத்தினாள் என்பதற்காக ஒரு வாய் வைத்த சமயத்தில், உயிர் போய்விட்டது.

எரித்துவிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கால் வழுக்கியதைப் பற்றியே பேசினார்கள். ஈரத்தரையில் பார்த்துப் போகவேண்டாமா என்றார் ஒரு பெரியவர். காலையில் சரியாகச் சாப்பிட்டாரா, வீட்டில் சண்டை ஏதும் உண்டா என்று ஒருத்தி என்னிடமே விசாரித்தாள். இழவு வீட்டில் மூலையில் உட்கார்ந்திருப்பவள் பேசக்கூடாது. ஆனால் என் கணவர் அண்ணனிடம் சொல்லச் சொன்னதை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

ஒருநாள் விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் பட்டறைக்குப் போனேன். புருஷன் செத்த தீட்டோடு வெளியே வரலாமா என்று தெருவில் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். கொட்டகைக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தரையெல்லாம் சிவப்பு உறைந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. கொப்பரை சுவரோரம் கவிழ்ந்திருந்தது. பிய்ந்த காதைத் தேடினேன். தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. அதன் ஓட்டையில் நட்டு அப்படியே இறுகி நின்றது. அதைத் திருப்பினேன். நட்டுக்குள்ளேயிருந்து நீட்டிக்கொண்டிருந்த போல்ட், கட்டைவிரல் தடிமனில் நான் பார்த்த அந்த போல்ட், புளியங்குச்சி அளவுக்கு இளைத்திருந்தது. முனை ஊசிபோல ஆகி முறிந்திருந்தது. விரலால் தொட்டதும் கறுப்பாகப் பொடிந்து ஒட்டியது. செம்புக்கு ஒரு சேதமும் இல்லை. ஓட்டையைச் சுற்றிப் புதுசு மாதிரிப் பளபளத்தது.

சமயநல்லூர்க்காரர் கொட்டகைக்குப் பின்னால்தான் தங்கியிருந்தார். குதிகால்களில் கட்டோடு நொண்டி நொண்டி வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்த்தா. அவுக விடல. தடி எந்தோள்ல அமுங்குச்சு பாருங்க, பின்னாடி பிடி போனதும் பாரம் முன்னாடி வரும்ல? ஆனா அவுக தோள்ல இருந்து விழுகல. காதுதேன் போச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதலாளி ஒன்று சொல்லும்போது நான் எப்படி வேறு சொல்வது என்றார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

காதை முந்தானையில் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். முன்னால் வைத்தேன்.

"அண்ணே, அவுக தடிய விடல. இதைப் பாருங்க."

அவர் வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. பிறகு கோபம் வந்தது. இரும்புக்கடைக்காரன் மட்டமான இரும்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று கத்தினார். அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மத்தியானம் திரும்பி வந்தார். மதினி கேட்டுக் கேட்டுத்தான் சொன்னார். கடைக்காரர் சண்டைக்கு வரவில்லையாம். அதே போல்ட்டுகளை ஒரு வண்டிப்பட்டறைக்கும் கொடுத்திருந்தாராம். அங்கே அண்ணனைக் கூட்டிக்கொண்டுபோய், ஒரு மாட்டுவண்டியில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் காட்டினாராம். மேலே லேசாகத் துரு, உள்ளே முழுசாக இருந்ததாம். மழையிலும் சகதியிலும் ஓடிய வண்டி.

எங்கள் தெருக்கோடியில் காலேஜில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். அண்ணன் அவரிடம் போனார். இரண்டு பேருமாக வீட்டுக்கே வந்தார்கள். வாத்தியார் அந்தக் காதைப் பார்த்தார், கொப்பரையில் என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டார். படிகாரம், உப்பு என்று அண்ணன் சொன்னார். வாத்தியார் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். இரண்டிலும் உப்புத்தண்ணீர் ஊற்றினார். ஒன்றில் வெறும் இரும்பு ஆணியைப் போட்டார். இன்னொன்றில் அதே மாதிரி ஆணியில் செம்புக்கம்பியை இறுக்கிச் சுற்றிப் போட்டார். ஜன்னலில் வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிப் போனார்.

பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் அந்த நாட்களில் வேறு என்ன செய்தோம் என்று நினைவில்லை. அண்ணன் காலையில் எழுந்ததும் ஜன்னலுக்குப் போவார். நானும் போவேன். வெறும் ஆணி இருந்த டம்ளரில் கொஞ்சம் மஞ்சள் இறங்கியது. கம்பி சுற்றிய ஆணி கிடந்த டம்ளரில் செம்மண் கரைத்ததுபோல அடியில் துரு குவிந்தது. செம்புக்கம்பி மட்டும் அப்படியே இருந்தது.

வாத்தியார் மறுபடி வந்து விளக்கினார். இரும்பு தனியாக இருந்தால் மெதுவாகத்தான் துருப்பிடிக்கும், செம்போடு ஒட்டவைத்து உப்புத்தண்ணீரில் நனைத்தால் செம்பு தப்பித்துக்கொள்ளும், இரும்பு அதற்கும் சேர்த்துக் கரையும் என்றார். செம்பு பெரிதாகவும் இரும்பு சின்னதாகவும் இருந்தால் இன்னும் வேகம். சூடு அதைவிட வேகம். செம்பு ஆணியே போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

"அப்ப அம்புட்டுப் பெரிய கொப்பரையும் சேர்ந்து அந்த போல்ட்டைத் தின்னுருக்கு" என்றார் அண்ணன்.

"அப்படித்தான்" என்றார் வாத்தியார். சேலையில் கறுப்பு ஏறியதும் அதனால்தானா என்று அண்ணன் கேட்டார். சிவப்புச் சாயத்தில் இரும்பு கலந்தால் கறுக்கும் என்றார் அவர். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மாதக்கணக்காக மணலில் காய்ந்த ஒவ்வொரு சேலையும் அவருக்கு முன்னால் வந்திருக்கவேண்டும். எனக்கு வந்தது.

கருமாதியன்று உறவெல்லாம் கூடியிருந்தது. சடங்கு முடிந்து பந்தியில் உட்காரும் முன்பு அண்ணன் எழுந்து நின்றார்.

"மாப்ள கால் வழுக்கல. தடியையும் விடல. நான் மாட்டுன போல்ட்டு அத்துப்போச்சு. இனிமே யாரும் அவரைச் சொல்லாதீக. சொல்றதா இருந்தா என்னைச் சொல்லுங்க."

சின்ன மாமா அவர் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். போலீஸ் காதுக்குப் போனால் என்ன ஆகும், வாயை மூடு என்று மெல்லச் சொன்னார். காலையிலேயே அங்கே போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றார் அண்ணன். அங்கே அவர்கள் கேட்டுக்கொண்டு, விபத்துதானே என்று அனுப்பிவிட்டார்களாம். பந்தியில் நிறையப்பேர் சாப்பிடாமல் எழுந்துபோனார்கள். சிலர் அண்ணனோடு வெகுகாலம் பேசவில்லை.

நான் மூலையில் இருந்து கேட்டேன். அவர் சொன்னது சரி. என் கணவர் பேர் தப்பித்தது. அதனால் என் மனம் ஆறியதா என்றால் இல்லை. அண்ணன் தெரிந்து செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் முடுக்கும்போது என் கணவரும் கூடச் சேர்ந்து முடுக்கினார் என்பதும் தெரியும். தெரிந்தும் அண்ணன் முகத்தைப் பார்த்தால் நட்டை முடுக்கிய அந்தக் கைகள்தான் எனக்குத் தெரிந்தன. அவருக்குச் சோறு போடும்போது கரண்டியை மதினியிடம் கொடுத்துவிடுவேன்.

பட்டறையைக் கொஞ்சகாலம் மூடிவைத்திருந்தார். அந்தக் காலத்தில் அவர் செய்தது ஒன்றுதான். முறிந்த போல்ட்டை ஒரு துணியில் முடிந்துகொண்டு மற்றப் பட்டறைகளுக்கு நடந்தார். செம்பு கிடைக்காத காலம், பலபேர் இரும்பைத்தான் மாட்டியிருந்தார்கள். கழற்றிப் பாருங்கள் என்று கெஞ்சுவார். தன் பாவத்தைத் தொலைக்க வந்திருக்கிறான் என்று சிலர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒரு பட்டறையில் அவர் கண்ணெதிரிலேயே கழற்றினார்கள். அதுவும் பாதிக்கு மேல் போயிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

சமயநல்லூர்க்காரர் அதற்குப் பிறகு கொப்பரை தூக்க வரவில்லை. குதிகால் ஆறினாலும் நடை சரியாகவில்லை. ஊருக்கே போய்விட்டார். எப்போதாவது மதுரைக்கு வந்தால் எங்கள் வாசலில் கொஞ்சநேரம் நிற்பார். "நல்லாருக்கீகளா" என்பார். "வாரேன்" என்று போய்விடுவார்.

நான் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தேன். அதை வைத்துத்தான் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அண்ணன் அவளுக்கு எதிலும் குறை வைக்கவில்லை. அவளும் மாமா, மாமா என்று அவர் பின்னாலேயே திரிவாள். எனக்கு அது சில நாள் நிம்மதியாக இருக்கும், சில நாள் பார்க்கப் பொறுக்காது.

அவளுக்கு எட்டு வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் வந்து பையை வைத்ததும் நேராக அண்ணனிடம் போனாள். நான் அடுப்படியில் இருந்தேன். அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டாள். அண்ணன் ஒன்றையும் மறைக்கவில்லை. கொப்பரையைப் பற்றிச் சொன்னார். செம்பையும் இரும்பையும் பற்றி அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நான்தான் மாட்டினேன், எனக்குத் தெரியவில்லை என்றார்.

பிறகு கேட்டாள்: "அப்பாவுக்கு வலிச்சுச்சா மாமா?"

இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். சின்னப்பிள்ளைக்கு வேறு என்ன சொல்வது?

"வலிச்சுச்சு தாயி" என்றார் அண்ணன். "ரொம்ப வலிச்சுச்சு."

அவள் அழுதாள். அவரும் அழுதார். நான் வெளியே போகவில்லை. உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்து போட்டேன். அன்று ராத்திரி அண்ணன் இலையில் நானே சோறு வைத்தேன்.